கால் வீங்கும் லாரி டிரைவருக்கு எது சரிப்படும்: காலுறையா, லேசரா, வண்டியை நிறுத்துவதா?

என் சித்தப்பா நாமக்கல்லில் இருந்து டெல்லி லைன் ஓட்டுகிறவர். 14 சக்கர வண்டி, ஒரு போக்குக்கே ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். போன டிரிப் முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து லுங்கியை முழங்காலுக்கு ஏற்றியபோதுதான் பார்த்தேன். இடது கெண்டைக்காலில் மண்புழு நெளிகிற மாதிரி நரம்புகள். கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறிக் கிடந்தது. முன்னங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். பத்து எண்ணி முடிக்கும் வரை விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ரத்த ஓட்டம் சரியில்லையாமா கண்ணு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் இறுக்கமான காலுறை போடச் சொல்லியிருக்கிறார். அதே ஆபீசில் ஓட்டும் இன்னொரு டிரைவர் லேசர் வைத்துக்கொண்டவர். அவர் அதைத்தான் சிபாரிசு செய்கிறார். எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் போதும் என்றது ஊர்ப் பெரியவர்கள். லைன் வண்டியே வேண்டாம், லோக்கல் லோடு ஓட்டுங்கள் என்பது சித்தியின் கட்சி. இது போதாதென்று அவருடைய கேபினிலேயே ஒரு சின்ன மருந்துக்கடை இருக்கிறது: முழங்காலுக்கு மாட்டும் நீ கேப், ஒரு தைலம், பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை.

இவற்றில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் இந்தக் கால் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

ஏறாத ரத்தமா, இறங்காத ரத்தமா?

'ரத்த ஓட்டம் சரியில்லை' என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இதயத்தில் இருந்து காலுக்கு இறங்கும் ரத்தம் வழியில் தடைப்படலாம். அது தமனிக் கோளாறு. காலில் இருந்து மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கலாம். அது சிரைக் கோளாறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கெடுதலாகப் போய் முடியும். தமனி அடைத்த காலில் இறுக்கமான காலுறையை மாட்டினால், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நாமே நெரித்த மாதிரி ஆகிவிடும்.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தம் ஓடும் குழாயையும் நரம்பு என்கிறோம், வலியை மூளைக்குச் சொல்வதையும் நரம்பு என்கிறோம். "நரம்புக் கோளாறு" என்று போய் நின்றால் கடையில் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சித்தப்பா அதையும் மூன்று மாதம் விழுங்கியிருக்கிறார்.

லாரி டிரைவருக்கு இரண்டு கோளாறும் வரும். சிரைக் கோளாறு உட்கார்ந்தே இருப்பதால் வளர்வது. காலில் இருக்கும் ரத்தத்தை மேலே ஏற்றுகிற வேலையைப் பெரிதும் செய்வது கெண்டைச் சதை. நடக்கும்போது சதை இறுகிச் சிரையைப் பிழியும். ஏறிய ரத்தம் திரும்ப வழியாமல் உள்ளே இருக்கும் வால்வுகள் பிடித்துக்கொள்ளும். அடிகுழாய் மாதிரிதான். மணிக்கணக்காக உட்கார்ந்தால் குழாயை அடிக்க ஆள் இல்லை. ரத்தம் தேங்கி, சிரை புடைத்து, ஒரு கட்டத்தில் வால்வு மூடாமல் போகிறது. என்ஜின் சூடும், சீட்டின் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துவதும் அதோடு சேர்கின்றன.

"இடது கால்தானே கிளட்ச் மிதிக்குது, அதுக்குத்தான் வேலை இருக்கே?" என்று சித்தப்பா மடக்கினார். நியாயமான கேள்வி. தொப்பூர்க் கணவாயில் அது சரி. ஓசூர் தாண்டி அகலச் சாலையில் டாப் கியர் விழுந்துவிட்டால் கிளட்சுக்கு என்ன வேலை? இதில் இடது காலுக்குப் பிறவியிலேயே ஒரு இடைஞ்சலும் உண்டு. அந்தக் காலின் பெரிய சிரை அடிவயிற்றில் ஒரு தமனிக்கு அடியில் நசுங்கினாற்போலத்தான் மேலே போகிறது. சதைக்குள் ஆழத்தில் ஓடும் ஆழ்சிரையில் கட்டும் ரத்தக்கட்டி வலதைவிட இடது காலில் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

தமனிக் கோளாறு வேறு முகம் காட்டும். வீக்கம் பெரிதாக இராது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டை பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். பாதம் சில்லென்று இருக்கும், விரல் நுனியில் வந்த புண் ஆறாது. பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ஆகியவைதான் இதற்கு விதை. பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் அது பல சமயம் சர்க்கரையால் வந்த உண்மையான நரம்புக் கோளாறு.

இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் பார்க்க வேண்டும். பிபிக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்குவதுண்டு. அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு நாள் செலவழித்தாக வேண்டும். நாங்கள் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பிபி பட்டையைக் கையில் கட்டிப் பார்த்த பிறகு கணுக்காலிலும் கட்டினார். கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9க்குக் கீழே போனால் தமனி அடைப்பு என்று சந்தேகம். சித்தப்பாவுக்கு 1.1. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி விறைத்துப்போய் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் அவர்களுக்கு இது மட்டும் போதாது. அப்புறம் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ரத்தக்கட்டி இல்லை, இடது காலில் தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரையில் வால்வு கசிகிறது. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது: சுருள்சிரை, ஊர் வழக்கில் வெரிகோஸ். இனிமேல்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

காலுறை

மருந்துக்கடைக்காரர் சொன்னது, இந்தக் காலைப் பொறுத்தவரை, சரியான யோசனைதான். ஆனால் அவர் காலை அளக்காமலே சொன்னார். நல்ல காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும். வெரிகோசுக்கு வழக்கமாக எழுதிக் கொடுப்பது 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது. கணுக்கால், கெண்டை இரண்டின் சுற்றளவையும் காலையில், வீக்கம் ஏறும் முன் அளந்து வாங்க வேண்டும்.

நீ கேப்பும் கிரேப் பேண்டேஜும் இதற்கு மாற்று ஆகாது. நீ கேப் முழங்காலை மட்டும் இறுக்கிக் கீழே இருப்பதைத் தேங்க வைக்கிறது. வண்டி ஓட்டும்போது அதை மாட்டியிருப்பது வாய்க்காலை நடுவில் அடைத்துவிட்டுக் கடைமடையில் ஏன் இவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்பது போல. பேண்டேஜைச் சரியாகச் சுற்றத் தெரிந்தவர்கள் குறைவு. மேலே இறுகிக் கீழே தளர்ந்தால் அதுவும் இதே கதைதான்.

பலன் உண்டா என்றால், நீண்ட விமானப் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 2,600 பேரில் அறிகுறி காட்டாத ரத்தக்கட்டி 50 பேருக்கு இருந்தது. அதில் காலுறை போட்டவர்கள் 3 பேர், போடாதவர்கள் 47 பேர். அவர்கள் விமான சீட்டில் சில மணி நேரம் இருந்தவர்கள், நம்மவர் லாரி சீட்டில் நாள் கணக்காக இருக்கிறவர். ஆனால் மடங்கின முழங்காலும் சும்மா இருக்கும் கெண்டையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தொந்தரவு எங்கே என்றால், மாட்டுவதில். படுக்கையில் இருந்து எழுவதற்கு முன்பே போட வேண்டும். லாரி பெர்த்தில் குனியக்கூட இடம் இல்லை. முதல் நாள் சித்தப்பா கால் மணி நேரம் போராடிவிட்டு, "இதுக்கு டயரே மாட்டிடலாம்" என்றார். விரல் திறந்த காலுறையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. பாதத்தில் வழவழப்பான பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு மேலே காலுறையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். அப்புறம் கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம். நாக்பூர் வெயிலில் புழுக்கம் என்பது உண்மை. இரவில் படுக்கும்போது கழற்றிவிடலாம். ஜோடி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, தினமும் போட்டால் ஆறு மாதத்துக்குள் துவண்டுவிடும். போட்டிருக்கும் வரை வீக்கத்தைப் பிடித்து வைக்கும். கெட்ட வால்வைத் திருத்தாது.

லேசர்

அதைத் திருத்துகிற பக்கம் வருவது லேசர்தான். இங்கேயும் வால்வைச் சரிசெய்வதில்லை. கசியும் சிரைக்குள் மெல்லிய இழையை நுழைத்து, சூட்டால் உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். ரத்தம் உள்ளே இருக்கும் நல்ல சிரைகள் வழியாகப் போய்க்கொள்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தாலே போதும், அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வரலாம். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2013இலேயே இந்த மாதிரி சூட்டு வைத்தியத்தைத்தான் முதலில் வைத்தது. சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கு மட்டுமே வெறும் காலுறை என்றது.

எனக்கு அதில் பாதி உடன்பாடு. தோல் பழுப்பேறிவிட்டாலோ, புண் வந்து ஆறிய தடம் இருந்தாலோ, புடைத்த சிரையில் ஒரு தரமாவது ரத்தம் பீறிட்டிருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. சித்தப்பா பழுப்பு வரை வந்துவிட்டார். ஆனால் லேசர் முடிந்த அடுத்த வாரமே 14 மணி நேரம் உட்காரப் போவதாக இருந்தால் அந்த நேரத்தில் செய்துகொள்வது சரியில்லை. சிகிச்சைக்குப் பிறகு நன்றாக நடக்க வேண்டும். ஓரிரு வாரம் நீண்ட பயணம் கூடாது என்பார்கள், ரத்தக்கட்டி பயம்தான் காரணம். பிறகும் பழையபடியே உட்கார்ந்தால் அடுத்த சிரை புடைக்க ஆரம்பிக்கும். சித்தப்பாவின் நண்பருக்கு நடந்தது அதுதான்: இடது காலை முடித்துவிட்டு வந்தார், இரண்டு வருடத்தில் வலது கால்.

செலவு தனியாரில் பல்லாயிரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வரம்பு உண்டு. அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை அதற்குள் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் உருவுவது பற்றி நீட்ட எதுவும் இல்லை. இதமாகத் தடவிக்கொள்ளலாம். திடீரென்று வீங்கி வலிக்கும் கெண்டையை மட்டும் அழுத்தி உருவவே கூடாது; உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கி வீக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த அட்டையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வண்டியை நிறுத்துவது

இதற்கு ஒரு பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் இதை மருந்தாகவே எண்ணுவதில்லை.

1940இல் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் பலர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்கள். உட்கார்ந்தே இருப்பது ஆளைக் கொல்லும் என்று மருத்துவ உலகம் பார்த்த முதல் பெரிய பாடங்களில் அது ஒன்று. 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பயணம் செய்தால், அது விமானமோ பேருந்தோ ரயிலோ காரோ, ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. அப்படியும் ஆரோக்கியமானவருக்கு 6,000இல் ஒருவர் என்ற கணக்குதான். பயப்பட வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அந்த 4 மணி நேரப் பயணத்தை நம் ஆள் ஒரு நாளைக்கே மூன்று தரம் செய்கிறார்.

சரி, நிறுத்தினால் எவ்வளவு நேரம் போகும்? 2,400 கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 40 என்று ஓட்டினால் 60 மணி நேர ஓட்டம். 2 மணிக்கு ஒரு தரம் 5 நிமிடம் என்றால் 30 நிறுத்தம், மொத்தம் இரண்டரை மணி நேரம். அதிலும் பாதி, எப்படியும் டீக்கும் டீசலுக்கும் நிற்பதோடு சேர்ந்துபோகும். ஆக ஒரு போக்குக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் கூடுதல். காலுக்கு வேறெதுவும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

அந்த 5 நிமிடத்தில் செய்ய வேண்டியது டிரைவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு டயரைத் தட்டிப் பார்ப்பது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 30 மீட்டர். ஐந்து சுற்று 150 மீட்டர். பாடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது தரம் தூக்கி இறக்கலாம். ஒன்றுக்குப் போகலாம். இதைச் சொல்லக் காரணம், வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று பல டிரைவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இரவில் பெர்த்தில் படுக்கும்போது போர்வையைச் சுருட்டிக் காலுக்கு அடியில் வைத்து, நெஞ்சைவிடக் கொஞ்சம் உயரமாக வைத்துக்கொண்டால் அன்றைய வீக்கம் அன்றே இறங்கும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? சித்தப்பா சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. முன்பெல்லாம் சாலையே டிரைவரை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. மாநில எல்லைக்கு எல்லை விற்பனை வரிச் சோதனைச் சாவடி. பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வர ஒரு மணி, இரண்டு மணி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அவை போயின. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல் வரிசையும் சுருங்கியது. திட்டித் தீர்த்த நிறுத்தங்கள்தான் காலுக்கு நல்லது செய்துகொண்டிருந்தன. கூடவே ஆளும் குறைந்துவிட்டார்கள். இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று போன வண்டியில் இப்போது பல சமயம் ஒற்றை ஆள். மாற்று டிரைவர் இருந்தால் பாதி நேரமாவது காலை நீட்டிப் படுக்கலாம்.

மிச்சத்தை ஜிபிஎஸ் பார்த்துக்கொள்கிறது. வண்டி நின்றால் ஆபீசில் தெரிகிறது, தெரிந்தால் போன் வருகிறது. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தது. ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டத்துக்கு 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் உள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. இங்கே கருவி வந்துவிட்டது, ஆனால் அது நிற்பதைத்தான் குற்றமாகப் பதிகிறது. காலுறையும் லேசரும் டிரைவர் தன் காசில் செய்துகொள்ளக் கூடியவை. இதற்கு மட்டும் ஓனர் சம்மதிக்க வேண்டும். ஆகவே இந்த வழியின் உண்மையான விலை அந்த ஒரு பேச்சுதான்.

லோக்கல் லோடு பற்றிச் சித்தி சொன்னது தப்பில்லை. ஆனால் படிக்காசு பாதியாகும், கடன் நிற்கிறது. லோக்கலிலும் லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரமெல்லாம் கேபினிலேயே உட்கார்ந்து போன் பார்த்தால் காலுக்கு ஒரு லாபமும் இல்லை. தமனிக் கோளாறு உள்ளவராக இருந்தால் நான் சித்தி பக்கம் பேசியிருப்பேன். அவர்களுக்குப் பீடியை விடுவதும், வாரத்தில் மூன்று நாளாவது வலி வரும்வரை நடந்து, நின்று, திரும்ப நடக்கும் பயிற்சியும்தான் முதல் மருந்து. லைனில் இருந்துகொண்டு அது நடக்காது.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றில் மட்டும் யோசனை கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகிக் கெண்டை வலித்தால், அடுத்த ஊரிலேயே வண்டியை ஓரம்கட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் ரத்தம் வந்தால் 108. வெரிகோஸ் உடைந்து ரத்தம் பீறிட்டால் அங்கேயே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு துணி தேடினால் ரத்தம் நிற்காது.

சித்தப்பாவுக்கு நாங்கள் முடிவு செய்தது: காலுறையும் நிறுத்தமும் இப்போதே. லேசர், வண்டி எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்று வாங்க, நிற்கும்போது. பெயின்ட், பாடி வேலை என்று எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஷெட்டில்தான் இருக்கும். அந்த நாட்களில் அவர் தினமும் நடக்கலாம். காப்பீட்டு அட்டையைச் சித்தி தேடி எடுத்து வைத்துவிட்டார். நீ கேப் இப்போது ஸ்பேனர்ப் பெட்டிக்குள் இருக்கிறது.

போன வியாழக்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சேலத்தைத் தாண்டி, தொப்பூருக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார். மூன்றாவது சுற்றில் இருப்பதாகச் சொன்னார். கம்பி டயரில் படும் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வர, என்னை லைனில் வைத்தவர் தப்பாக அமுக்கி மூன்று பேரையும் சேர்த்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, பத்து நிமிசமா வண்டி ஒரே எடத்துல நிக்குது?" ஓனர் குரல்.

"டயர் தட்டிட்டு இருக்கறேனுங்க" என்றார் சித்தப்பா.